ஸ்டெல்லா கட்டிய பச்சை வலை

செவ்வாய்க்கிழமை காலை மைசூரில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊரான மார்டள்ளியிலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி அழைத்தார். "அக்கா தவறிட்டாங்கண்ணா. உங்களுக்கு மொதல்ல சொல்லச் சொல்லியிருந்தாங்க." அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் நான் உட்கார்ந்துவிட்டேன்.

பதினான்கு ஆண்டுகள் ஒரே தோட்ட நிறுவனத்தில் இருந்தோம். வரைபடம் என்னுடையது, நடவு அவருடையது. கிளை தொங்கும் மரங்கள் என்றால் அவருக்கு உயிர். "வாசல்ல அழுகிற மரம் எதுக்கும்மா?" என்று ஒரு வீட்டுக்காரர் தயங்கியபோது உடனே சொன்னார்: "அழுவுலைங்க சார், வர்றவங்களுக்குத் தலை குனிஞ்சு வணக்கம் சொல்லுது." அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் இப்போதும் கேட்கும்.

ஒரு முதியோர் இல்லத்தில் அவர் நட்ட, சிவப்புத் தூரிகைபோல் பூக்கும் பாட்டில் பிரஷ் மரம், கிளைகள் தரையைத் தொட, உள்ளே ஓர் அறைபோல் ஆகியிருந்தது. அங்கே வாழ்ந்த கமலம்மா மாலைகளில் அதற்குள் போய் உட்கார்ந்துவிடுவார். ஆள் இருப்பது கேமராவில் தெரியவில்லை, வெட்டுங்கள் என்றார் இல்லத்தின் மேலாளர். தாயின் சிகிச்சைக்காக ஸ்டெல்லா சாமராஜநகரில் இருந்த வாரம் அது. வெட்டுவதற்கான அனுமதியில் நான் கையெழுத்துப் போட்டேன். இடுப்பளவுக்குக் கீழே ஒரு கிளையும் மிஞ்சவில்லை.

திரும்பி வந்தவர் மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். "ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லைங்களாண்ணா?"

"மரந்தானே ஸ்டெல்லா, வளந்துரும்."

"மரம் வளந்துருமுங்க. அந்தம்மா அதுவரைக்கும் எங்க போய் அழுவாங்க?"

கமலம்மா அதற்குள் போனது அழத்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அடுத்த தோட்டத்தின் வரைபடத்தை எடுத்து விரித்தேன்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து, எங்கள் நாற்றங்காலின் பச்சை நிழல்வலையை அவரே கொண்டுபோய், மேலாளரிடம் வாதாடி, மொட்டைக் கிளைகளைச் சுற்றிக் கட்டினார். ஏணியைப் பிடிக்க ஆளில்லாமல் தடுமாறியதை வண்டியில் போகும்போது பார்த்தேன். நிறுத்தவில்லை. கிளைகள் மறுபடி தரையைத் தொடுவதற்குள் கமலம்மா இறந்துவிட்டார்.

அதன்பின் ஸ்டெல்லா என்னிடம் கோபமாகப் பேசியதே இல்லை. வேலையைப் பற்றி மட்டும் பேசினார். மன்னிப்புக் கேட்க ஆறு ஆண்டுகள் இருந்தன. அவர் நோயோடு ஊருக்குப் போனபின் இருமுறை பேசினோம், இரண்டு முறையும் நான் மழையைப் பற்றி விசாரித்தேன்.

இப்போதெல்லாம் தொங்கும் கிளைகளை வெட்டச் சொன்னால், முதலில் குனிந்து உள்ளே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். அவர் பார்க்க ஒருநாளும் இதை நான் செய்யவில்லை.