அம்மாவுக்குத்தான்

என் தங்கையை என் அம்மா என்று ஒரு கடைக்காரப் பெண்ணிடம் சொன்னேன். அப்போது அவள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. பார்த்தால் தெரியாது. வெயில் ஏறுமுன் நடந்துவிட்டு வந்துவிடுவேன். சர்க்கரையை விட்டு வெகுகாலம் ஆயிற்று. வேளைக்குத் தூக்கம், வயிறு நிறையத் தண்ணீர். பாசிப்பயறு மாவைத் தவிர முகத்தில் சோப்பு படாது. கொடியில் துணி காயப்போடுவதானாலும் சன்ஸ்கிரீன் பூசாமல் இறங்க மாட்டேன். உடம்பைப் பேணுவது குற்றமா என்ன? இல்லவே இல்லை! குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

தங்கை செல்வி என்னைவிட நாலு வயது இளையவள். கட்டுமாவடியில் கருவாடு காயப்போடுகிறாள். அம்மா படுத்த படுக்கையானபோது நான் கல்லூரியில் இருந்தேன். அக்கா படிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, அம்மாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு மணலுக்குப் போனாள். அம்மா கண்ணை மூடிய பிறகும் அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. கடற்கரை வெயில் மேலிருந்தும் அடிக்கும், மணலிலிருந்தும் அடிக்கும். அவள் முகம் அதில் காய்ந்தது. நான் புதுக்கோட்டையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து உத்தியோகம் பார்த்தேன்.

இதில் அவளுக்குப் பொறாமை என்பதே கிடையாது. நான் ஊருக்குப் போனால் மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "எங்க அக்கா. காலேஜ் புள்ள மாதிரி இல்ல?" என்பாள். அக்கா என்று சொல்லாமல் அவளுக்கு ஒரு பேச்சு ஓடாது. வாக்கா, சாப்பிடுக்கா, வாரேன்க்கா...

அவள் மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் என்னைத் தேடி வந்தாள். கன்னம் இரண்டிலும் மங்கு கறுத்துப் படர்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சனமெல்லாம் வருமே, இதற்கு ஏதாவது பூசலாமா என்று கூச்சத்தோடு கேட்டாள். நான் வழக்கமாக க்ரீம் வாங்கும் கடைக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த பெண், எனக்கு முப்பதைத் தாண்டியிருக்காது என்று எப்போதும் சொல்வாள். வியாபாரப் பேச்சாகவும் இருக்கலாம்... அதைக் கேட்பதற்கென்றே போவேன்!

மங்குக்கு க்ரீம் கேட்டேன். அந்தப் பெண் ஒரு டியூபை எடுத்துச் செல்வி கையில் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒங்க அம்மாவுக்கா மேடம்?" என்றாள்.

தங்கை என்று சொன்னால் என் வயது வெளிப்பட்டுவிடும். அவ்வளவுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் ஏதாவது இருக்குமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

"ஆமா, அம்மாவுக்குத்தான்" என்றேன்.

செல்வி கையிலிருந்த டியூபை மேசைமேல் திரும்ப வைத்தாள். வெயிலில் கிடக்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை கல்யாண வேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். பஸ் வந்தது. "வாரேன்" என்றாள்.

வெறும் வாரேன்.

அன்றோடு 'அக்கா' நின்றுபோயிற்று. சண்டை இல்லை. கல்யாணத்தில் என்னை முன்னால் நிறுத்தித்தான் எல்லாம் செய்தாள். ஆனால் மொட்டையாகவே பேசினாள். சாப்பிட்டாச்சா, ஊர் போய்ச் சேந்தாச்சா, மாத்திரை போட்டாச்சா... முறை சொல்லாமல் பேச நம் பேச்சில் இத்தனை வழி இருக்கிறதா! இன்றுவரை போனிலும் அப்படித்தான் கேட்கிறாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். வாயெடுப்பேன்... ஆனால் அன்று சொன்னதை அவள் முகத்துக்கு நேரே இன்னொரு முறை சொல்லாமல் எப்படிக் கேட்பது? அதற்கு எனக்குத் தெம்பில்லை.

போன வாரம் மீன் கொண்டுவந்தாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் வாசலில் அவளை நிறுத்தி, யார், எவர் என்று விசாரித்தாள். நான் உள்ளே கண்ணாடி முன்னால் முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"இந்த வீட்டுக்காரவுங்க அம்மா" என்றாள் செல்வி.

கேலி இல்லை, கோபமும் இல்லை. ஊர்ப் பெயர் சொல்வதுபோலச் சொன்னாள். நான் ஓடிப்போய், இல்லை, இவள் என் தங்கை என்று சொல்லியிருக்க வேண்டும். வாசல் பக்கத்தில்தான் இருந்தது. துண்டைப் பிடித்தபடி நின்றேன். அழுகை வருமென்று பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை.

மீனைக் கொடுத்தாள். தண்ணீர் குடித்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் வாசல் தெளிக்க வெளியே வந்தேன். எதிர்வீட்டுப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா போயிட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

என் வாசலில் அக்கா என்ற சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று...

"போயிட்டாங்க" என்றேன்.