அமலிக்கு விலக்கிய கத்திரிக்காய்

தூலோன் என்கிற இந்தப் பிரெஞ்சு ஊரில் கத்திரிக்காயை ஒற்றைக் காயாக விற்கிறார்கள். ஒரு காய் வாங்கினால் குடும்பமே சாப்பிடலாம், அவ்வளவு பெரிது. பெயர் ஓபெர்ஜின். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அதைத்தான் போட்டார்கள், தின்றுவிட்டேன் என்று என் மகள் அமலி வந்து சொன்னதும் அவளைப் பிடித்து வெளிச்சத்தில் நிறுத்தினேன். அவளுடைய முழங்கை மடிப்பையும் கழுத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஒரு காய்க்கா இப்படி நடுங்குகிறாள் என்று சிரிக்காதீர்கள். திருவாண்டார்கோயில் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், கைக்குழந்தையாக இருந்தபோதே அமலிக்குத் தோலில் கரப்பான் புண் வந்துவிட்டது. கத்திரிக்காய், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம் என்று விலக்கினோம். பால் கொடுத்தவரை நானும் பத்தியம் இருந்தேன். பிள்ளை சொறிந்து சொறிந்து அழுவாள், நானும் கூடவே அழுவேன். அந்தக் காலத்தில்தான் வயலுக்கு அப்பால் ஒரு தொழிற்சாலை வந்தது. சாயங்காலமானால் புகை ஊருக்குள் இறங்கும், வாய்க்காலில் நுரை மிதந்து போகும். அந்த வாய்க்காலை ஒட்டிய கிணற்றில்தான் அவளைக் குளிப்பாட்டினோம். சோற்றுத் தட்டைச் சந்தேகப்பட்ட நாங்கள் தண்ணீரைச் சந்தேகப்படவில்லை.

அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். எங்களை இங்கே அழைத்துவந்ததும் முதல் வேலையாக மெத்சென் அம்மாளிடம் காட்டினார். பிள்ளை என்ன சாப்பிடுவாள் என்று அந்த டாக்டர் கேட்க, நான் கெட்டிக்காரியாட்டம் கொடுக்காததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லை போல என்று நினைத்து, அவர் மேசையிலிருந்த பிஸ்கட்டை அமலியின் கையில் வைத்தார். என் கணவர் விளக்கிச் சொன்ன பிறகு குளிக்கிற தண்ணீரையும் புகையையும் பற்றி விசாரித்தார். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எரிகிற தோலை அவை இன்னும் எரியவைக்கும் என்றார். களிம்பு தடவத் தடவ, சில மாதத்தில் ஆறியது.

பென்ஷன் வந்ததும் ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டு இருந்துவிடுவது என்ற நினைப்போடு போன கோடையில் போனோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அமலி முழங்கையைப் பிறாண்டத் தொடங்கினாள். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் ஆரோக்கியத்தின் மகள் ரோசிக்கும் அதே இடத்தில் அதே புண்.

"கண்டதையும் துன்ன வச்சி இட்டாந்துட்டீங்க அண்ணி," என்றாள் ஆரோக்கியம்.

"தண்ணிதான் ஆரோக்கியம். அந்த வாய்க்காலப் பாரு."

"ஊரே அதுலதான் குளிக்குது. எல்லாருக்குமா வந்துது? எங்க வூட்டுக்காரரு அந்தக் கம்பெனிலதான் வேல செய்றாரு. நா இன்னான்னு போயி கேக்கறது?"

மறுநாள் காலை ஆரோக்கியம் ஊரின் மறுகோடியில் இருக்கும் மாதாகோயில் கிணறுவரை நடந்துபோய் ஒரு குடம் தண்ணீர் சுமந்துவந்தாள். "அமலிக்கு," என்று இறக்கிவைத்துவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டாள். ஒரு குடம் ஒரு பிள்ளைக்குத்தான் காணும். நாங்கள் புறப்படும்வரை தினமும் அந்தக் குடம் வந்தது. கடைசி நாள் கத்திரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்து அமலிக்கு ஊற்றினாள். ரோசியின் தட்டில் ரசம்தான்.

வீடு கட்டுகிற பேச்சை இப்போது என் கணவர் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. நேற்று தொட்டியில் குளித்துக்கொண்டிருந்த அமலி, ஆறிப்போன முழங்கையை நீட்டிக் காட்டிவிட்டுக் கேட்டாள்: "ரோசிக்கு யாரும்மா மாதாகோயில் தண்ணி கொண்டாந்து தராங்க?"

தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடினேன்.