முன்வாசல் படையல்

பேய்க் கதை என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இது பட்டப்பகலில், ஈப்போ டவுனில், ஒரு சினிமா தியேட்டரின் முன்வாசலில் நடந்தது. 1979, ஜூலை மாதம். தியேட்டரின் பெயர் வேண்டாம். அந்தக் கட்டடத்தில் இப்போது மேசை நாற்காலி விற்கிறார்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுப்பானேன்? மற்றபடி இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்ததில்லை. வீரம்மா தன் வாயால் சொன்னது. சொல்லும்போது இரண்டு தடவை எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து சொன்னது.

வீரம்மா அந்தத் தியேட்டரைக் கூட்டி, பினாயில் ஊற்றிக் கழுவுகிறவள். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போனது. புருஷன் ராமையாவுக்கு நெஞ்சுச் சளி, ஓயாத இருமல், வேலைக்கு லாயக்கில்லை. தியேட்டருக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கும் வரைக்கும்தான் அந்த அறை. அது போனால் இருமுகிற மனுஷனை இழுத்துக்கொண்டு கடைகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி வராந்தாவில்தான் படுக்கவேண்டும்.

அருவருப்பு பார்க்கிறவள் அந்த வேலைக்கு ஆகமாட்டாள். வெற்றிலை எச்சில், குவாச்சி விதைத் தோல், பிள்ளைகளின் மூத்திரம், குடிகாரன் கக்கினது எல்லாம் அவளுக்குச் சாதாரணம். அப்படிப்பட்டவளுக்கே குமட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் வந்தது ஒரு பேய்ப் படம். பாதி பயம், பாதி சிரிப்பு. பேய் வரும்போது அலறுகிற ஜனம் அடுத்த நிமிஷம் காமெடியன் வேட்டியை நனைத்ததும் உருண்டு சிரிக்கும். அதிலே ஒரு கட்டம். பேயாகிவிட்ட ஒரு பெண் காமெடியனை இலை முன்னால் உட்காரவைத்து ஊட்டுவாள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் கிடையாது. கண் பிதுங்கப் பிதுங்க முழுங்குவான். தியேட்டர் கூரை பிய்ந்துவிடும் அளவுக்குச் சிரிப்பு. பிறத்தியான் வாயில் சோற்றைத் திணிப்பதில் என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறதோ!

மேனேஜர் உடையப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. முன்வாசலில் நாலு கம்பு நட்டு, சுற்றிக் கறுப்புத் திரை கட்டி, உள்ளே மாலை போட்ட ஒரு பெண்ணின் படம், விளக்கு, தலைவாழை இலை. செத்தவர்களுக்குப் போடுகிற மாதிரியே தினமும் மத்தியானம் படையல். போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரையை மூடிவிட வேண்டும். அது வந்து தின்றுவிட்டுப் போகட்டும். பார்க்கிற ஜனம் பயந்தபடியே சிரித்துக்கொண்டு டிக்கெட் வாங்கும்.

மாலை போடுகிற பெண் படத்துக்கு அவர் அலையவில்லை. பக்கத்துத் தெரு போட்டோக் கடையில் யாரோ எடுத்துவிட்டு வாங்க வராமல் கிடந்த படத்தைக் கேட்டு வாங்கி வந்து கண்ணாடிச் சட்டம் போட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். கண்டாங்கிச் சேலை, இறுக்கிச் சீவிய தலை, கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்ட பார்வை. பின்னால் பென்சிலில் கருப்பம்மாள் என்று எழுதியிருந்தது.

யார் இது என்று வீரம்மா கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? ஒன்றரை வருசமா வாங்க வரல. செத்துருக்கும் லா."

விளையாட்டுக்குப் படையல் போடக்கூடாது, கூப்பிட்டால் வந்துவிடும் என்று வீரம்மா மன்றாடிப் பார்த்தாள். உடையப்பன் கேட்டுக்கொண்டே மேசையிலிருந்த சாவிக் கொத்தை எடுத்தார். அதிலிருந்து அவள் அறைச் சாவியின் மறுசாவியை மட்டும் தனியாகப் பிரித்தார். ரூம் வேணுமா வேணாமா என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 6, வெள்ளிக்கிழமை. மத்தியானம் 1.45. சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, ஒரு கிளாஸ் கள்ளு, சுருட்டு. சோறும் குழம்பும் அவள் கையால் ஆக்கியது. முன்வாசல் நிறையக் கூட்டம். வீரம்மா குனிந்து கூப்பிட்டாள்.

"கருப்பம்மா... வந்து சாப்புடு..."

மூன்று தடவை. மூன்றாவது தடவை கூட்டத்தில் எவனோ ஒருத்தன் மெல்லிய குரலில் "வாரேன்" என்றான். சிரிப்பு தாங்கவில்லை. வீரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

இரண்டு மணிக்குப் படம் ஆரம்பம். 2.40க்குத் திரையை விலக்கினாள். இலை காலி. கள்ளுக் கிளாஸும் காலி.

டிக்கெட் கிழிக்கிற பத்துமலை மேல்தான் சந்தேகம். ஆள் சாப்பாட்டு ராமன். சனிக்கிழமையும் இலை காலி. ஆனால் தின்றவன் கையால் தின்றதாகத் தெரியவில்லை. நக்கித் தின்றிருந்தது. இலை முழுக்க எச்சில், பசை மாதிரி, கழுவக் கழுவ நூல் நூலாக இழுத்தது. புளித்த வாந்தி நாற்றம். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுத் தலையை உறிஞ்சிக் கீழே போட்டிருந்தது. அவள் அதைத் துணியால் எடுத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. அதன் மேல் நுரை இன்னும் அடங்கவில்லை.

உடையப்பனிடம் சொன்னாள். அவருக்கு ஒரே சந்தோஷம். வெளியே நாலு பேரிடம் சொல், கூட்டம் வரும் என்றார். திங்கட்கிழமை உட்கார இடமில்லை.

திங்கட்கிழமைதான் அந்தச் சத்தமும் கேட்டது. மணி 2.25. உள்ளே ஊட்டுகிற கட்டம் ஓடுகிறது, ஜனம் சிரிக்கிறது. முன்வாசலில் அவளைத் தவிர யாருமில்லை. திரைக்குப் பின்னால்...

சளப்... சளப்... சளப்...

நடுவில் ஒரு குமட்டல். உவ்... பிறகு மறுபடியும் சளப்.

செவ்வாய்க்கிழமை கருப்பம்மாள் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். வாய் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். போகவில்லை.

பிசுக்கு கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

புதன்கிழமை 2.25. சிரிப்புச் சத்தம். சளப் சளப். பிறகு, இழுத்து இழுத்து ஒரு பெண்குரல்.

"போதும்... போதும்..."

படத்தில் வருகிற குரலாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்தப் படத்தை ஆறு நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பவள். அப்படி ஒரு வசனம் அதில் கிடையாது.

அன்று ராத்திரி அவளால் சோறு தின்ன முடியவில்லை. இனிமேல் முடியாது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ராமையா இருமினார். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தாள். விடிந்ததும் நாட்டு மருந்துக் கடையில் நேர்வாளங்கொட்டை வாங்கி வந்தாள். கடுமையான பேதி மருந்து. தின்றவன் கக்கூஸை விட்டு எழுந்திருக்க மாட்டான். பத்துமலையாக இருந்தால் அகப்பட்டுக்கொள்வான். மற்றதாக இருந்தால், செத்ததைப் பேதி மருந்து என்ன செய்யும்? திருடனாகவே இருக்கட்டும் மாரியாத்தா என்று வேண்டிக்கொண்டு, ஒரு கைப்பிடி அரைத்துக் குழம்பில் கலந்தாள்.

வியாழக்கிழமை. சினிமாவுக்குக் கடைசி நாள். 1.45க்குப் படையல் போட்டுக் கூப்பிட்டாள். 2.00க்குப் பத்துமலையைத் தன் கண்ணெதிரே முக்காலியில் உட்காரவைத்தாள். ஏன் தன்னையே முறைக்கிறாள் என்று அவனுக்குக் கூச்சமாகப் போயிற்று. வெட்கப்பட்டுத் தலையை வேறு வாரிக்கொண்டான்.

2.25. உள்ளே சிரிப்பு.

சளப்... சளப்...

பத்துமலை முக்காலியில்தான் இருந்தான். வாரிய சீப்பு கையிலேயே நின்றது.

"அக்கா... உள்ள யாரு?"

சத்தம் நின்றது.

ஒரு முனகல்.

திரையை விலக்கினாள்.

இலை காலி.

இலையோரம் வைத்திருந்த குழம்புச் சட்டியும் காலி.

பத்துமலை அன்றைக்கே வேலையை விட்டுப் போய்விட்டான். கக்கூஸுக்கு ஓடியவர் யாருமில்லை. வெள்ளிக்கிழமை காலை கம்புகளைப் பிடுங்கி, திரையை அவிழ்த்து, படத்தை மாலையோடு சாமான் அறையில் போட்டார்கள். தொலைந்தது சனியன் என்று வீரம்மா தலைமுழுகினாள்.

சனிக்கிழமை காலை 11 மணிக்கு ஒருவர் வந்தார். மொட்டை அடித்த தலை. வெயிலில் வந்த களைப்பு. பெயர் அர்ச்சுனன், சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். போட்டோக் கடையில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். அவருடைய அக்கா போன வருஷம் தைப்பூசத்துக்கு ஈப்போ வந்தபோது ஒரு படம் எடுத்ததாம். திரும்பி வந்து வாங்க நேரமே கிடைக்கவில்லையாம். படம் இங்கே இருப்பதாகக் கடையில் சொன்னார்களாம்.

"அக்காவுக்கு வேற படமே இல்லீங்க. பதினாறுக்கு வைக்கணும். அதான்."

எப்போது தவறினார்கள் என்று வீரம்மா கேட்டாள்.

"முந்தாநாள். வியாழக்கிழமை சாயங்காலம், ஆறு நாப்பதுக்கு."

அவராகவே சொல்லத் தொடங்கினார். யாரிடமாவது சொன்னால் போதும் என்று இருந்தது அவருக்கு. நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்த மனுஷி. போன வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தவள், யாரோ கூப்பிட்டமாதிரி "வாரேன்" என்றாளாம். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டரை மணிக்கு வாந்தி. முப்பது வருஷமாகக் கவுச்சி தொடாதவள். கக்கியதெல்லாம் கருவாடு, முட்டை, கள்ளு. வீட்டில் யாரும் ஒரு வாய் கொடுக்கவில்லை. கிட்டே நிற்க முடியாத நாற்றம். ஆஸ்பத்திரியில் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் விட்டுவிட்டார்கள். போதும், போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே கிடந்தாளாம். கடைசி நாள் வாந்தி இல்லை. இரண்டரை மணிக்குப் பேதி. தண்ணீராகப் போய், பிறகு ரத்தமாகப் போய், நாலு மணி நேரம்.

அர்ச்சுனன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேய் புடிச்சிருக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருச்சிக்கா. அக்காவே சொன்னுச்சி. ஒரு பொம்பள வந்து உக்காந்துக்கிட்டு, பேரச் சொல்லிக் கூப்புட்டு, வாயில திணிக்கிறாளாம். மூஞ்சி தெரியலையாம். கையெல்லாம் பினாயில் நாத்தம்னு சொன்னுச்சி."

சொல்லிவிட வேண்டும் என்று வீரம்மா வாயைத் திறந்தாள். பின்கட்டிலிருந்து ராமையாவின் இருமல் கேட்டது. உடையப்பன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமான் அறையிலிருந்து படத்தைக் கொண்டுவந்தாள். வாடிய மாலையை வரும் வழியிலேயே பிய்த்துப் போட்டாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

அர்ச்சுனன் வாங்கக் குனிந்தார். குனிந்தவர் மூக்கைச் சுளித்தார். அவள் கையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வெயிலுக்குப் போய்விட்டார்.