துப்பறிவாளர் இரண்டு தரம் வந்தார்

போன ஞாயிறு மார்க்கம் நகரத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்சீற்றில் மகள் போனில் எதையோ தட்ட, சப்பாத்துச் சத்தம், கதவு தட்டும் சத்தம், பிறகு உணர்ச்சியில்லாத ஓர் ஆண்குரல். பழைய அமெரிக்க வானொலிப் பொலிஸ் நாடகம்.

"அப்பா, உது சரியான ஸ்லோ."

"நிப்பாட்டு பிள்ளை." என் குரல் கொஞ்சம் கூடிவிட்டது. அவள் போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

அந்த மெதுவுக்காகத்தான் நானும் குகன் அண்ணையும் அதைக் கேட்டோம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டோர்செட் பார்க்கில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கேக் பக்டரி. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் வேனில் ஏற்றிப்போவான். உடம்பெல்லாம் வனிலா மணக்கத் திரும்புவோம். இன்றைக்கும் பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்டும்போது நான் பல்கனிக்குப் போய்விடுவேன். சனி மாலையில் அண்ணை பழைய றேடியோவைத் திருகுவார். அந்த நாடகங்களில் சண்டையில்லை, சாகசமில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள்: எத்தனை மணி, எங்கே நின்றாய், என்ன நிறம்? என் ஆங்கிலம் அங்கே படித்ததுதான். கொலைகாரர் தயவில் நிறங்களின் பெயர்கள் எல்லாம் பாடம்.

ஒரு மாசிமாதக் காலை, வேனுக்குப் போகத் தெருவைக் கடந்தோம். அண்ணை எனக்கு நாலடி முன்னால். எங்கள் வேன்தான் ஐஸில் வழுக்கி, என்னை விலத்திப் போய்ப் பின்னாலிருந்து அவரை அடித்தது. ஏஜென்சிக்காரன் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தான். பிறகு போய்விட்டான். பின்னேரம் அவனிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, உம்மட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை, என்ன?" அவ்வளவுதான்.

துப்பறிவாளர் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். எத்தனை மணி, எங்கே நின்றாய், என்ன வாகனம், என்ன நிறம்? நிலத்தைப் பார்த்து நடந்தேன் என்றேன். ஒரு கிழமையில் மறுபடி வந்து, அதே கேள்விகளை இடம்மாற்றிக் கேட்டார். அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். நிறம் தெரியாது என்றேன். வேன் பச்சை. நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, தன் கார்டை மேசையில் வைத்துப் போனார்.

அண்ணைக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரேயொரு தரம் கேட்டார்.

"நீ எனக்குப் பின்னால தானே வந்தனீ?"

"ஓம் அண்ணை."

"ஒண்டும் காணேல்லையோ?"

"பனி கொட்டினது அண்ணை."

அன்றைக்குப் பனி கொட்டவேயில்லை. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒன்றரை வருடத்தில் எனக்கு வதிவிடப் பேப்பர் கிடைத்தது. இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கார்டைக் கையில் எடுத்து, வாற கிழமை என்று திரும்ப வைத்தேன். பிறகு கலியாணம், வீடு, பிள்ளை. ஏஜென்சி எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டது. கேக் பக்டரி நின்ற இடத்தில் கார்கள் விற்கிறார்கள். அண்ணையின் மரண அறிவித்தலைப் போனில்தான் பார்த்தேன்.

எனக்குப் பேப்பர் கிடைத்த பிறகும் அவர் பதினொரு வருடம் மொன்றியலில், தங்கச்சி வீட்டில் உயிரோடு இருந்தார். காரில் ஆறு மணித்தியாலம். நான் போகவில்லை.