டபிதாவின் உதடுகள்

இங்கிலாந்தின் லங்காஷயரில் இருந்த எங்கள் நெசவாலையில் தறிகளின் இரைச்சலில் எதுவும் காதில் விழாது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம்.

பக்கத்துத் தறிக்காரி டபிதா ஆக்டன் கவிதை எழுதுவாள். இயந்திரப் பட்டையில் தலைமுடி சிக்கிச் செத்த சிறுமியைப் பற்றி தன் பெயர் போடாமல் அவள் எழுதியது பத்திரிகையில் வந்துவிட்டது. எழுதியது யாரென்று தெரிந்தால் வேலையைவிட்டுத் துரத்துவேன் என்று முதலாளி கறுவிக்கொண்டிருந்தார்.

கையெழுத்தைக்கூட மாற்றி எழுதியிருந்தாள். ஆனால் அடுத்த கவிதையைத் தறியில் நின்றபடியே கட்டுவாள், உதடு தானாக அசையும். தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே.

அன்று மேஸ்திரி ஏனோக் அவளெதிரே வந்து நின்றார். சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார்:

“வாய மூடிக்கிட்டு நெய்யி, மகராசி. நான் பாத்ததோட போகட்டும்.”

“முதலாளிக்கா உதடு பாத்துப் புரியப்போகுது?” என்றாள் டபிதா.

“முதலாளியும் இருபது வருஷம் தறியில நின்னவர்தாம்மா.”

நிமிர்ந்து பார்த்தோம். ராணி விக்டோரியாவின் படம் மாட்டிய கண்ணாடி அறையிலிருந்து முதலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் டபிதாவின் புதுக் கவிதையை வரி பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தன.