லீவுக்கு வந்த சிஸ்டர்

மடத்தை விட்டு நான் வீட்டுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. கிட்டத்தட்ட இருபது வருடம் கன்னியாஸ்திரியாக இருந்திருந்தேன். யாரோடும் சண்டையில்லை, யாரும் என்னைத் துரத்தவும் இல்லை. ஜெபத்துக்கு உட்கார்ந்தால் வாய் மட்டும் அசையும், உள்ளே ஒன்றும் இருக்காது. வருடக்கணக்கில் அப்படியே போயிற்று. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு, முறையாக விடைபெற்றுக்கொண்டுதான் திண்டுக்கல் பஸ் ஏறினேன். அங்கியைக் கழற்றிவிட்டுச் சேலை கட்டியிருந்தேன். முந்தானையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வழி முழுக்க மடியில் சுருட்டிப் பிடித்திருந்தேன்.

வீட்டில் அம்மா மட்டும்தான். அப்பா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. தம்பி குடும்பத்தோடு திருப்பூரில் இருந்தான். எங்கள் தெரு மாதா கோயிலுக்குப் பின்னால். தெருவில் அத்தனை பேரும் அந்தக் கோயிலைச் சேர்ந்த எங்கள் பங்கு மக்கள்.

நான் கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு எடுத்த நாளிலிருந்து அம்மா என்னை 'நீங்க' என்றுதான் சொல்வாள். "வாங்க சிஸ்டர், உக்காருங்க சிஸ்டர்." பெற்ற மகளாக இருந்தாலும் கடவுளுக்குக் கொடுத்தாயிற்றே. திரும்பி வந்தபிறகு அவளுக்கு 'வாங்க' என்றும் வரவில்லை, 'வா' என்றும் வரவில்லை. இரண்டுமில்லாமல் பேசப் பழகிக்கொண்டாள். "சோறு எடுத்து வச்சிருக்கு." "வெந்நி போட்டாச்சு." சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள்.

தெருவில் கேட்டவர்களிடம், "சிஸ்டர் லீவுல வந்திருக்காங்க" என்றாள். மாதங்கள் போயின. என் முடி வளர்ந்து கழுத்தைத் தொட்டது. "உடம்புக்கு முடியல, அதான் லீவ நீட்டியிருக்காங்க" என்று மாற்றிச் சொன்னாள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பூசைக்குப் போனாலும் சங்கடம். முன்வரிசையில் மடத்துச் சகோதரிகள் உட்காருவார்கள், பின்னால் குடும்பப் பெண்கள். நான் தூண் பக்கமாக நின்றே பூசை கண்டேன்.

சென்னையில் இருந்த பள்ளித்தோழி ஒருத்திதான் அந்த ஆலோசகரைப் பற்றிச் சொன்னாள். விவாகரத்தானவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், ஊரைவிட்டு எங்கேயோ போய்த் தவிப்பவர்கள், இப்படி வாழ்க்கை திடீரென்று மாறிப்போனவர்களோடு அந்த அம்மாள் இன்டர்நெட்டிலேயே பேசுகிறார், நேரில் போக வேண்டியதில்லை என்றாள். எல்லாம் அவளே ஏற்பாடு செய்தாள். வாரம் ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பிளைவுட் தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒற்றை விரலால் தட்டுவேன்.

"இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று முதல் நாள் கேட்டார்.

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பக்கத்துத் தடுப்பில் யாரோ பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'தெரியவில்லை' என்று தட்டினேன். அடுத்த வாரமும் அதையேதான் தட்டினேன். அவர் அவசரப்படுத்தவில்லை. என்ன நிறச் சேலை பிடிக்கும், எந்தக் கடைக்குப் போனீர்கள் என்று சின்னச் சின்னதாகக் கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் குறைவு. அம்மா பேசுகிற விதத்தைப் பற்றி ஒரு நாள் எழுதினேன். "அதை அவரிடமே கேட்டுப் பார்த்தீர்களா?" என்றார்.

கேட்டேன். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய முந்தி மாதிரி வா போன்னே கூப்பிடும்மா."

உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். பிறகு, "வாயில வர மாட்டேங்குது" என்றாள்.

"அப்ப நீங்கன்னாவது சொல்லு."

"அதுவும் வர மாட்டேங்குது." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அம்மாவை அழைத்து வர முடிந்தால் வெப்கேமராவில் மூன்று பேரும் பேசலாம் என்றார் ஆலோசகர். அம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டது இவ்வளவுதான்.

"அவங்க நம்ம வேதமா?"

"இல்லம்மா."

"கல்யாணம் ஆனவங்களா?"

"ஆமா. ரெண்டு பிள்ளைங்க."

"சரி, வாரேன்."

திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஹெட்போன் ஒன்றுதான் இருந்தது, அதை அவள் தலையில் மாட்டிவிட்டேன். அவளுக்குத்தான் குரல் கேட்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையை மட்டும் பார்க்கலாம். ஆலோசகர் முகம் வந்ததும் அம்மா கைகூப்பி, சாமியாரிடம் சொல்வதுபோல, "தோத்திரம்மா" என்றாள். "நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க சாப்டீங்களா?" என்று விசாரித்தாள். பிறகு சட்டென்று, "ஒண்ணு கேக்கணும். இவங்க திரும்பப் போவாங்களா?" என்றாள்.

அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. ஆலோசகர் தலையைச் சற்றுச் சாய்த்தபடி, கண் பாதி மூடியபடி அப்படியே உறைந்திருந்தார். இணைப்பு போய்விட்டது என்று கீழே இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. அம்மாவுக்கு அது படிக்கத் தெரியாது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து அம்மா பேச ஆரம்பித்தாள்.

"நாந்தாம்மா அனுப்பிச்சேன். அவ டீச்சர் ட்ரெயினிங் போறேன்னுதான் சொன்னா. அப்ப அவ அப்பாவுக்கு நெஞ்சுவலி, பெரியாஸ்பத்திரியில கெடந்தாக. அவுக பொழச்சா ஒரு பிள்ளைய ஒனக்குத் தாரேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன். அவகிட்டச் சொல்லல. மடத்துச் சிஸ்டருங்ககிட்டச் சொல்லி, அவளுக்கு ஆசை வரமாதிரி பேசச் சொன்னேன். அவுக பொழச்சாக. இவ போனா."

என் கை மவுஸின் மேல் இருந்தது. லைன் போய்விட்டது என்று அவள் தோளைத் தொட்டுச் சொன்னால் போதும். என்னால் முடியவில்லை. எனக்குத் தேவ அழைப்பு வந்தது என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு அந்தக் கதையைச் சொல்லியும் இருக்கிறேன்.

"இப்பத் திரும்பி வந்துட்டா. குடுத்தத எப்படிம்மா திருப்பி வாங்குறது? வா தாயின்னு வாய் நெறையக் கூப்பிட்டா, நான் திருப்பி எடுத்துக்கிட்டதா ஆயிரும்ல? வீட்டுக்குள்ள அவ நடக்குற சத்தம் கேட்டா எனக்குப் பயமாயிருக்கு." ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். "ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்களே" என்று என் பக்கம் திரும்பினாள்.

"லைன் போயிருச்சும்மா."

"எப்ப?"

"இப்பத்தான்."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும், "காப்பி போட்டிருக்கு" என்றாள்.

அடுத்த வாரம் நடந்ததையெல்லாம் ஆலோசகருக்குத் தட்டினேன். லைன் போனதற்கு வருத்தம் தெரிவித்தார். என்ன தோன்றியது என்று கேட்டார். அம்மா மேல் கோபமா, பரிதாபமா என்று பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. "நான் பக்கத்தில் இருந்தது அம்மாவுக்குத் தெரியுமே, எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினாளா?" என்று கேட்டேன். தட்டிய வரியை நானே ஒரு தரம் படித்துப் பார்த்தேன். பிறகு, "எனக்கும் தெரியவில்லை" என்று வந்தது. அதற்குப் பின்னும் சில மாதம் பேசினோம். பவர்கட் கூடிப்போய் பாதி நாள் சென்டரே திறக்கவில்லை. அப்படியே விட்டுப்போயிற்று.

நேர்த்திக்கடன் பற்றி எங்கள் கோயில் பங்குச்சாமியாரிடம் சொல்லி, அவரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். இன்னொருவர் வாழ்க்கையை யாரும் நேர்ந்துவிட முடியாது, மாதா உங்கள் மேல் கோபப்பட மாட்டார் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா தலையாட்டிக்கொண்டே, "சரிங்க சாமி, சரிங்க சாமி" என்றாள். அவர் போனதும், "சின்ன வயசு, அவருக்கு என்ன தெரியும்" என்றாள்.

செம்பட்டியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வந்தேன். அந்தச் சமயத்தில்தான் அம்மா விடியுமுன் எழுந்து, சாமி படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். நான் மடத்தில் தினமும் சொல்லிவந்த பைபிள் சங்கீதங்கள் அவை. யாரிடமோ கேட்டுப் பாடம் பண்ணியிருந்தாள். வரிகள் இடம் மாறி வந்தன.

"வேண்டாம்மா, ஒனக்கு முட்டி வலிக்கும்."

"விட்டுப்போனத யாராச்சும் செய்யணும்ல" என்றாள்.

மறுநாளும் எழுந்தாள், அதற்கு மறுநாளும். நிறுத்தச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவளோடு சேர்ந்து சொல்லவும் என்னால் ஆகவில்லை. ஒரு விடியற்காலை என் தலையணையை இரண்டாக மடித்துக் கொண்டுபோய் அவள் முழங்காலடியில் தள்ளினேன். ஜெபத்தை நிறுத்தாமலே முழங்காலை நகர்த்தி அதன் மேல் வைத்துக்கொண்டாள்.