தொட்டியில் மினுங்கிய தேங்காயெண்ணெய்

ஜப்பானில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஒரு மலையூரில் விடுதி வேலைக்குச் சேர்ந்த புதிது. தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் பொதுக் குளியலறையின் சாவியை எனக்கும் தந்திருந்தார்கள். அந்தத் தெருவில் அது கிடைத்த முதல் வெளிநாட்டுக்காரன் நான்.

எங்கள் ஊர் பாறசாலை வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமை தலை நிறையத் தேங்காயெண்ணெய் தேய்த்து, ஊறட்டும் என்று அப்படியே வெந்நீர்த் தொட்டியில் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்மேல் எண்ணெய் மினுங்கியது. எதிரே இருந்த பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போனார்.

அறைக்கு ஓடிவந்து அம்மாவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"சாவிய வாங்கிருவாவம்மா."

"எலே, நம்ம கோயில் குளத்துலயே எண்ணெயோட எறங்கினா ஏசுவாவ. அத ஜப்பான்ல போய்ச் செய்தியாக்கும்? ஒளிஞ்சிருக்காம போய்ச் சொல்லு மக்கா."

போனேன். பக்கத்து வீட்டுக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, சாவியை நீட்டினேன். அவர் அதை என் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டுவிட்டு, கையில் ஒரு பிரஷ்ஷைத் தந்தார்.

அடுத்த முறை தொட்டி கழுவும் நாளில் அவரே வந்து என் கதவைத் தட்டினார். அன்றுதான் நான் அந்த ஊரில் குடியேறியதாக நினைக்கிறேன்.